முகத்தை மூடினால் ஓராண்டு ஜெயில்!

முகத்தை மூடிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தால் ஓராண்டு ஜெயில். 25 ஆயிரம் டாலர் அபராதம். போலீஸ்காரர் "கழற்று" என்று சொல்லியும் கழற்றாவிட்டால் அதற்குத் தனியாக 6 மாதம்.

2019-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி ஹாங்காங்கில் இப்படி ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 25 ஆயிரம் ஹாங்காங் டாலர் என்றால் அன்றைய கணக்கில் சுமார் 2¼ லட்சம் ரூபாய்.

பத்து மாதம் கூட ஆகவில்லை. 2020 ஜூலையில் அதே ஹாங்காங்கில் இன்னொரு உத்தரவு வந்தது. முகத்தை மூடாமல் தெருவில் நடந்தால் 5 ஆயிரம் டாலர் வரை அபராதம்! கொரோனா செய்த வேலை. முதல் சட்டம் ரத்து ஆகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. மூடினாலும் குற்றம், மூடாவிட்டாலும் குற்றம் என்று இரண்டும் ஒரே சமயத்தில் அமலில் இருந்தன.

கேட்டால் சிரிப்பு வரும். அந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு சாண் துணிக்குப் பின்னால் பலருடைய வேலையும் படிப்பும் இருந்தன. சிலருக்குக் கண்பார்வையே அதில்தான் இருந்தது.

"ஒளிய வேண்டியது ஏன்?"

"தப்பு செய்யாதவன் எதுக்கு முகத்தை மறைக்கணும்?" முகமூடி என்றதும் டீக்கடையில் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி போலத்தான் தெரியும்.

ஹாங்காங்கில் முகமூடி புதிசு அல்ல. 2003-ல் சார்ஸ் காய்ச்சல் வந்து 299 பேர் செத்தார்கள். அன்று முதல் ஜலதோஷம் பிடித்தவர் முகத்தை மூடிக்கொண்டுதான் ரெயில் ஏறுவார். அது அங்கே அடுத்தவருக்குக் காட்டும் மரியாதை.

2014-ல் தேர்தல் உரிமை கேட்டு மக்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். செப்டம்பர் 28-ந் தேதி போலீசார் 87 கண்ணீர் புகை குண்டுகளை வீசினார்கள். மிளகுக் கரைசலை முகத்தில் பீய்ச்சினார்கள். கையில் இருந்த குடையை விரித்துத்தான் ஜனங்கள் தப்பினார்கள். அந்தப் போராட்டத்துக்கே குடைப் போராட்டம் என்று பெயர் வந்துவிட்டது. 79 நாள் நடந்தது.

2019-ல் வந்தது வேறு தகராறு. குற்றம் சாட்டப்பட்டவரைச் சீனாவுக்கு அனுப்பி விசாரிக்க வழி செய்யும் மசோதா. ஜூன் 9-ந் தேதி ஊர்வலத்தில் 10 லட்சம் பேர் வந்ததாக நடத்தியவர்கள் சொன்னார்கள். ஜூன் 12-ந் தேதி கண்ணீர் புகை. அன்று தொடங்கி அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 16 ஆயிரம் குண்டுகள் வெடித்தன.

ஆகவே முகத்தை மூடியதற்கு முதல் காரணம் மூச்சு. இரண்டாவது காரணம் சம்பளம்.

கதே பசிபிக் என்பது ஹாங்காங்கின் பெரிய விமானக் கம்பெனி. அந்த ஆண்டு ஆகஸ்டில் சீன விமானப் போக்குவரத்து இலாகா அதற்கு ஓர் உத்தரவு போட்டது. சட்டவிரோதப் போராட்டத்தில் கலந்துகொண்டவர்களும் ஆதரித்தவர்களும் சீனா போகும் விமானங்களில் வேலை செய்யக்கூடாது. ஒரு வாரத்தில் கம்பெனியின் தலைமை நிர்வாகியே ராஜினாமா செய்தார். அந்தச் சேதிக்குப் பிறகு, மாதச் சம்பளம் வாங்கும் எந்த குமாஸ்தா முகத்தைத் திறந்து போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பார்?

முகத்தைத் திறந்தவர் கதை இது. ஜூலை 1-ந் தேதி இரவு சட்டசபைக்குள் கூட்டம் புகுந்தது. கண்ணாடிகளை உடைத்தார்கள், சுவரில் கிறுக்கினார்கள். அது அத்துமீறல்தான், சந்தேகம் இல்லை. அந்தக் களேபரத்தில் ஒரு வாலிபர் மேஜை மீது ஏறினார். முகமூடியைக் கழற்றிவிட்டு கோரிக்கைகளைப் பேசினார். மறுநாளே அவர் சொந்த ஊரை விட்டு வெளிநாடு போக வேண்டி வந்தது.

ரெயில் டிக்கெட்டும் விளக்குக் கம்பமும்

ஹாங்காங்வாசிகளிடம் ஆக்டோபஸ் என்று ஒரு கார்டு உண்டு. ரெயில், பஸ், கடை எல்லாவற்றுக்கும் அதுதான். தட்டினால் காசு போகும். யார் எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு இறங்கினார் என்பதும் பதிவாகும்.

போராட்ட நாட்களில் அந்தக் கார்டைப் பையிலேயே வைத்துவிட்டு டிக்கெட் மெஷின் முன்னால் சில்லறையோடு கியூவில் நின்றார்கள். முகத்தை மூடியவர் கார்டைத் தட்டிவிட்டுப் போனால் மூடியும் பிரயோஜனம் இல்லை அல்லவா!

ஆகஸ்டு 24-ந் தேதி ஒரு கூட்டம் தெருவில் இருந்த புதுமாதிரி விளக்குக் கம்பத்தை ரம்பம் போட்டு அறுத்துச் சாய்த்தது. கம்பத்தில் காமிரா இருந்தது. போக்குவரத்தையும் சீதோஷ்ணத்தையும் பார்க்கத்தான் வைத்தோம், முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி அதில் இல்லை என்று அரசாங்கம் சொன்னது. கேட்க யாரும் தயாராக இல்லை. கம்பத்தை அறுத்தது தப்பு. ஆனால் ஒரு காமிராவைப் பற்றி சர்க்கார் சொல்வதை ஜனங்கள் நம்பாத நிலைமை வந்துவிட்டது.

ஹாங்காங் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2020 பிப்ரவரியில் டெல்லியில் கலவரம் நடந்தது. மார்ச் 11-ந் தேதி உள்துறை மந்திரி அமித் ஷா லோக்சபையில் பேசும்போது, முகத்தை அடையாளம் காணும் கம்ப்யூட்டரைக் கொண்டு 1,100 பேருக்கு மேல் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். வாக்காளர் அடையாள அட்டையிலும் டிரைவிங் லைசென்சிலும் இருந்த போட்டோக்கள் அதற்குப் பயன்பட்டன. கலவரக்காரனைப் பிடித்தால் யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த போட்டோ இந்த வேலைக்கும் போகும் என்று, கொடுத்த அன்று யாருக்குத் தெரியும்?

எது உதவியது? எது கைவிட்டது?

மருந்துக்கடையில் கிடைக்கும் நீல நிற முகமூடி மூக்கையும் வாயையும் மறைக்கும். அதோடு விளிம்பு வைத்த தொப்பியைப் புருவம் வரை இறக்கினால் பக்கத்தில் நிற்பவருக்கே ஆளைத் தெரியாது.

கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? அமெரிக்க சர்க்காரின் தரநிர்ணய நிறுவனம் 2020 ஜூலையில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. கொரோனாவுக்கு முன்னால் தயாரான 89 மென்பொருள்களுக்கு முகமூடி போட்ட படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 5 முதல் 50 வரை தப்பு செய்தன. மூக்கு முழுசாக மறைந்தால் தப்பு அதிகம். மூக்குக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் முகமூடியால் அத்தனை பலன் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் இதோடு நிம்மதி அடைய முடியாது. கொரோனாவில் உலகமே முகத்தை மூடிக்கொண்டதால், மூடிய முகத்தையும் கண்டுபிடிக்க மென்பொருள் கம்பெனிகள் கற்றுக்கொண்டுவிட்டன. கண்ணும் புருவமும் தெரிந்தால் அவற்றுக்குப் பாதி வேலை முடிந்தது.

கண்ணீர் புகைக்கு நீல முகமூடி கதைக்கு உதவாது. ஈரத் துண்டைக் கட்டினாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். ஹாங்காங் வாலிபர்கள் பெயிண்ட் அடிக்கிற தொழிலாளி போடும் ரப்பர் முகமூடியை வாங்கினார்கள். இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி இருக்கும். அதன் மேல், காற்றுப் புகாமல் கண்ணோடு ஒட்டி உட்காரும் கண்ணாடி. மிளகுக் கரைசல் தோலில் படாமல் இருக்க, சமையல்கட்டில் பாத்திரத்தை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கையில் சுற்றிக்கொண்டார்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதை வீட்டில் வைத்துவிட்டுச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு வர வேண்டும். புகை லென்சுக்கு அடியில் தங்கினால் கண்ணுக்கு ஆபத்து. புகை பட்டால் கண்ணைக் கசக்கக் கூடாது. காற்று வரும் பக்கம் போய் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். போராட்டம் நடக்கும் தெரு வழியாக ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகிறவருக்கும் இது பொருந்தும். புகை, கோஷம் போட்டவரையும் பஸ்சுக்கு நின்றவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

கண்ணாடி போட்டால் கண் பிழைக்கும் என்றும் உறுதி இல்லை. செப்டம்பர் 29-ந் தேதி ஓர் இந்தோனேசியப் பெண் நிருபர் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் நின்றார். போலீஸ் சுட்ட குண்டு கண்ணாடியைத் தாக்கியது. வலது கண்பார்வை போய்விட்டது. செய்தி சேகரிக்கப் போனவர்!

முகத்தை மூடியும் மாட்டிக்கொள்ளும் வழிகள் நிறைய உண்டு. ஷூ, பை, கைக்கடிகாரம், பச்சை குத்திய அடையாளம், நடை. காலையில் முகம் திறந்து வந்தபோது காலில் இருந்த சிவப்பு ஷூ, சாயங்காலம் முகம் மூடிய படத்திலும் இருந்தால் கதை கந்தல். இதனால்தான் எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை போட்டார்கள். மாற்றுச் சட்டை பையில் இருக்கும். மேலே குடை விரிந்திருக்க, கீழே சட்டை மாறும்.

போலீசாரும் சும்மா இருக்கவில்லை. நீல நிறச் சாயம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சும் லாரியைக் கொண்டு வந்தார்கள். முகம் தெரியாவிட்டால் என்ன, சாயம் தெரியுமே! அக்டோபர் 20-ந் தேதி கவுலூன் மசூதி வாசலிலேயே அந்தத் தண்ணீர் பாய்ந்தது. அங்கே நின்றவர்கள் போராட வந்தவர்கள் அல்ல. மறுநாள் ஹாங்காங் தலைவர் கேரி லாம் மசூதிக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை நண்பர்களின் செல்போன்தான். தன் முகத்தைக் கவனமாக மூடியவர், பக்கத்தில் நிற்பவர் எடுத்துப் போடும் போட்டோவில் மாட்டுகிறார். கூட்டத்தைப் படம் எடுப்பவர் முதுகுப் பக்கம் இருந்து எடுத்தால் போதும், அல்லது முகங்களை அழித்துவிட்டுப் போடலாம். செல்போனை முகத்தைக் காட்டித் திறக்கிற வசதியை அன்று ஒரு நாள் நிறுத்திவிட்டு நம்பர் போட்டுத் திறக்கும்படி வைப்பதும் நல்லது. உள்ளே இருக்கும் படங்களில் இருப்பது மற்றவர்களின் முகம்.

முகமூடிக்குள் ரவுடி

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தை மறைத்தால் அது யோக்கியமான பேச்சு ஆகாது.

ஜூலை 21-ந் தேதி இரவு யுயென் லாங் ரெயில் ஸ்டேஷனில் வெள்ளைச் சட்டைக் கும்பல் கம்பும் தடியுமாகப் புகுந்து பயணிகளை அடித்து நொறுக்கியது. அவர்களில் பலர் முகத்தை மூடியிருந்தார்கள். நவம்பர் 11-ந் தேதி போராட்டக்காரர்களோடு வாக்குவாதம் செய்த 57 வயது ஆசாமி மேல் ஒருவன் எரியும் திரவத்தை ஊற்றித் தீ வைத்தான். கறுப்பு உடையும் முகமூடியும் எத்தனை பேருக்குத் துணிச்சல் கொடுத்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். போலீஸ்காரர்களின் விலாசத்தையும் அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியையும் ஊருக்குச் சொன்னவர்களும் முகம் காட்டாதவர்களே.

அரசாங்கத்தின் வாதமும் இதுதான். முகமூடியைக் கழற்றினால் வன்முறை குறையும்.

குறைந்ததா?

அக்டோபர் 4-ந் தேதி கேரி லாம் தடையை அறிவித்தார். வெள்ளைக்காரன் 1922-ல் போட்டு, பல ஆண்டுகளாகத் தூங்கிக் கிடந்த அவசரச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். அன்று மதியமே ஆபீஸ் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் முகமூடியோடு தெருவில் இறங்கினார்கள். இரவில் ஸ்டேஷன்களுக்குத் தீ. மறுநாள் நகரம் முழுக்க ரெயிலே ஓடவில்லை. பாலிடெக்னிக் பல்கலைக்கழக முற்றுகையும் தடைக்குப் பிறகு நவம்பரில் நடந்ததுதான்.

காரணம் சுலபம். ஹாங்காங் சட்டத்தில் கலவரம் செய்தால் 10 ஆண்டு வரை ஜெயில். பெட்ரோல் குண்டு வீசுகிறவன் அந்தப் பத்து ஆண்டுக்கே துணிந்துவிட்டான். முகமூடிக்கு உள்ள ஓர் ஆண்டுக்கா பயப்படுவான்? பயந்து வீட்டில் உட்கார்ந்தவர் கோஷம் மட்டும் போட வந்த குமாஸ்தாவும் கடைக்காரரும்தான். தடைச் சட்டத்தில் முதன்முதலாகக் கோர்ட்டுக்கு வந்தவர்கள் 18 வயது மாணவர் ஒருவர், 38 வயதுப் பெண் ஒருவர்.

ஹாங்காங்காரர்களுக்குக் குறும்பும் குறைவில்லை. அக்டோபர் 18-ந் தேதி கார்ட்டூன் கரடி முகமூடி, சீன ஜனாதிபதி முகமூடி, கேரி லாம் முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு ரெயில் பாதை நெடுகக் கைகோத்து நின்றார்கள். கேரி லாம் முகத்தைப் போட்டவரைக் கைது செய்தால் எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதுவது!

போலீசாரின் முகம்

கலவரத் தடுப்புப் போலீசாரும் முகத்தை மூடியிருந்தார்கள். ஹெல்மெட், புகை முகமூடி, கறுப்புத் துணி. புகைக்கு நடுவே வேலை பார்க்கிறவர்கள், அதில் குற்றம் காண முடியாது. ஆனால் சட்டையில் இருக்க வேண்டிய நம்பரும் இல்லை. அடி வாங்கியவர் யார் மேல் புகார் கொடுப்பது? 2020 நவம்பர் 19-ந் தேதி ஹாங்காங் ஐகோர்ட்டு இதைக் கண்டித்தது. தனித்தனி அடையாள நம்பரைக் காட்டாதது உரிமைச் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது.

அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி இரவு போலீசார் சிலர் போராட்டக்காரர் மாதிரி மாறுவேடம் போட்டுக் கூட்டத்தில் கலந்து ஆட்களைப் பிடித்தார்கள். மறுநாள் போலீஸ் இலாகாவே அதை ஒப்புக்கொண்டது. அன்று முதல் கூட்டத்தில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார் என்ற பயம். முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் தோழரா, போலீசா? தன்னைக் காப்பாற்றும் துணியே அடுத்தவனையும் மறைக்கிறது என்பது அன்று இரவு புரிந்தது.

துணிக்குத் தண்டனை கொடுப்பது வீண் வேலை. கல்லை எறிந்த கைக்கும், தீ வைத்த கைக்கும், நம்பரை மறைத்துக்கொண்டு தடியால் அடித்த கைக்கும் ஒரே அளவில் தண்டனை கொடுக்க வேண்டும். "முகத்தைக் காட்டு" என்று ஜனங்களிடம் கேட்கிற சர்க்கார், முதலில் தன் ஆளின் நம்பரைக் காட்டட்டும்.

கோர்ட்டில் மூன்று தீர்ப்பு

24 எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் தடையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2019 நவம்பர் 18-ந் தேதி தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2020 ஏப்ரல் 9-ந் தேதி அப்பீலில் பாதி மாறியது. அனுமதி இல்லாத கூட்டத்துக்குத் தடை செல்லும், அனுமதி வாங்கிய ஊர்வலத்துக்குச் செல்லாது. அந்த ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி கடைசிக் கோர்ட்டு இரண்டுக்கும் செல்லும் என்று முடித்துவிட்டது. தீர்ப்பு வந்த அன்று ஊர் முழுக்க முகமூடியோடுதான் நடமாடியது. கொரோனா உத்தரவு!

இது ஹாங்காங்கோடு நிற்கும் சங்கதி அல்ல. அமெரிக்காவின் நியூயார்க்கில் 1845-லேயே முகமூடிச் சட்டம் வந்தது. பண்ணையாருக்குக் குத்தகை கொடுக்க மறுத்த விவசாயிகள் மாறுவேடத்தில் திரண்டதுதான் காரணம். 175 ஆண்டு இருந்து, 2020-ல் கொரோனா வந்த பிறகுதான் ரத்து ஆயிற்று. ஜெர்மனியில் 1985 முதல் ஆர்ப்பாட்டத்தில் முகம் மறைப்பதற்குத் தடை. பிரான்சில் 2019-ல் ஓராண்டு ஜெயிலும் 15 ஆயிரம் யூரோ அபராதமும் கொண்டு வந்தார்கள்.

ஹாங்காங்கில் கொரோனா முகமூடி உத்தரவு 2023 மார்ச் 1-ந் தேதி முடிந்தது. அதே மாதம் 26-ந் தேதி, பல ஆண்டுக்குப் பிறகு ஓர் ஊர்வலத்துக்குப் போலீசார் அனுமதி கொடுத்தார்கள். கடலைத் தூர்க்கும் திட்டமும் குப்பை நிலையமும் வேண்டாம் என்று ஒரு பேட்டைவாசிகள் நடத்திய ஊர்வலம். 100 பேருக்கு மேல் கூடாது என்பது நிபந்தனை. வந்தவர்கள் அதைவிடக் குறைவு. சுற்றிலும் நாடாக் கயிறு கட்டி, அந்த வளையத்துக்குள்ளேயே நடக்க வைத்தார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. அட்டையில் நம்பர் இருந்தது.